வீட்டுக் குளத்துக்கு டிரம் ஃபில்டர்: எத்தனை டிரம் வச்சா தாங்கும்? (உப்புத் தண்ணி ஏரியா)

ஊரணிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு உச்சிப்புளி பக்கம், கடல்ல இருந்து ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். போன தை மாசம் வீட்டு முன்னாடி சிமெண்ட் தொட்டி ஒன்னு கட்டினேன், 10 அடி நீளம் 6 அடி அகலம், தண்ணி ரெண்டரை அடி நிக்குது. 22 கோய் (கலர் கெண்டை) குஞ்சு விட்டேன், இப்ப 19 இருக்கு. தண்ணி பச்சைப் பசேல்னு ஆயிருச்சு, விடிய அஞ்சு மணிக்குப் போய்ப் பாத்தா எல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்க, வெயில் ஏறினா சரியாயிருது. கடையில ஃபில்டர் விலை கேட்டேன், தலை சுத்திருச்சு. வீட்ல 200 லிட்டர் நீல டிரம் ரெண்டு சும்மா கெடக்கு. பம்ப் 40 வாட், பெட்டியில மணிக்கு 3000 லிட்டர்னு போட்டிருக்கு. தண்ணி கெணத்துத் தண்ணி, டிடிஎஸ் (கரைஞ்ச உப்பு) 2500, பிஎச் (புளிப்பு-கார அளவு) 8.4. அம்மோனியா டெஸ்ட் சொட்டு ஊத்திப் பாத்தேன், 2 காட்டுது. ஒரு டிரம் போதுமா ரெண்டும் வேணுமா, உள்ள என்ன போடுறது, ஜல்லியா, அந்தப் பிளாஸ்டிக் உருண்டையா? கொஞ்சம் சொல்லுங்கண்ணே, பட்ஜெட் 4000க்குள்ள.

தென்னந்தோப்பு:
ரொம்ப யோசிக்காதீங்க ப்ரோ. குளத்து அளவுல பத்துல ஒரு பங்கு ஃபில்டர், அதான் கணக்கு. உங்க தொட்டி 150 கன அடி, அதாவது 4250 லிட்டர், அப்ப 425 லிட்டர் ஃபில்டர். ரெண்டு டிரம்மையும் வச்சு ஜல்லியக் கொட்டுங்க, முடிஞ்சது.

மடிவலை:
பத்துல ஒரு பங்கு கணக்கை யாரு கண்டுபுடிச்சாகன்னு தெரியல, எங்க போனாலும் அதையே சொல்றாக. 4250 லிட்டர்ல நாலு கப்பி மீன் கெடந்தாலும் 425 லிட்டர், நாப்பது கோய் கெடந்தாலும் 425 லிட்டரா? அழுக்கு தண்ணியில இருந்து வரல தம்பி, தீனியில இருந்து வருது. ஊரணிக்கரை, ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடுறீங்க? "ஒரு பிடி" ன்னு சொல்லாதீங்க, கிராம்ல சொல்லுங்க.

ஊரணிக்கரை:
ஒரு பிடின்னு தான் சொல்ல வந்தேன் 😅 காலைல நான் ஒரு பிடி, சாயங்காலம் பசங்க ஒரு பிடி. அம்மா எப்பவாச்சும் போடும்.

தொண்டி டீச்சர்:
பச்சைத் தண்ணியையும் ஃபில்டரையும் ஒன்னாப் போட்டுக் கொழப்பிக்காதீங்க தம்பி. பச்சையா இருக்கிறது மிதக்குற பாசி, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, எந்த ஜல்லியும் அதைப் புடிச்சு நிறுத்தாது. அதுக்கு நெழல் வேணும், இல்லாட்டி யூவி லைட் வேணும். நான் தொட்டி மேல பாதிக்குப் பனை ஓலைத் தட்டி போட்டேன், மூணு வாரத்துல தெளிஞ்சிருச்சு, தண்ணிச் சூடும் கொறைஞ்சது. விடியக்காலைல வாய் பொளக்குதுன்னா அதுவும் அந்தப் பாசி வேலைதான், பகல்ல ஆக்சிஜன் விடும், ராத்திரி பூரா மீனோட சேந்து அதுவும் ஆக்சிஜனை இழுக்கும், விடியுறப்போ தண்ணியில ஒன்னும் மிச்சம் இருக்காது. இன்னைக்கு ராத்திரியே ஒரு ஏர் பம்ப் போட்டு விடுங்க, ஃபில்டரைப் பொறவு பேசலாம்.

ஊரணிக்கரை:
அக்கா ஏர் பம்ப் போட்டாச்சு, காலைல மீனு கீழதான் நின்னுச்சு. நன்றிக்கா.

மடிவலை அண்ணே, நேத்து வீட்ல எல்லாரையும் அவங்கவங்க கையால ஒரு நாளு தீனியை டம்ளர்ல போடச் சொல்லி அம்மாவோட சமையக்கட்டுத் தராசுல வச்சுப் பாத்தேன். 180 கிராம். நான் 50, பசங்க 50, அம்மா 80!! எப்பவாச்சும் இல்ல, தினமும் மத்தியானம் போட்டுக்கிட்டு இருந்திருக்கு. "வாயைப் பொளக்குதே, பசிக்குதுல்ல" ன்னு சொல்லுது.

மடிவலை:
ஆஹா. அம்மா மேல தப்பு இல்ல, பாத்தா பசிக்குற மாதிரி தான் இருக்கும்.

இப்ப கணக்கைக் கேளுங்க, இது ஒருக்கா புரிஞ்சா யாரையும் கேக்க வேண்டியதில்ல. தீனி எடை, அதுல புரதம் எத்தனை பங்கு, அதை 0.092 ஆல பெருக்குனா ஒரு நாளைக்கு வர்ற அம்மோனியா. உங்க தீனிப் பாக்கெட்ல புரதம் 32 சதவீதம்னு வச்சுக்குவோம். 180 x 0.32 x 0.092 = 5.3 கிராம். 4250 லிட்டர்ல கலந்தா லிட்டருக்கு 1.25 மில்லிகிராம், ஒவ்வொரு நாளும்! உங்க பிஎச் 8.4, தண்ணி 30 டிகிரி இருக்கும், அந்த நெலமையில மொத்த அம்மோனியாவுல ஆறுல ஒரு பங்கு விஷமான வாயுவா நிக்கும். இதே பிஎச் 7.5 ஆ இருந்தா நாப்பதுல ஒரு பங்கு தான். மதுரைக்காரன் தொட்டியில தாங்குறது நம்ம கெணத்துத் தண்ணியில தாங்காததுக்கு இதான் காரணம், மூணு மீன் போனதுக்கும்.

அடுத்தது, பாக்டீரியா. அம்மோனியாவைத் தின்னு நைட்ரைட் ஆக்குறது ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குறது இன்னொரு கூட்டம். ரெண்டும் தண்ணியில மிதக்காது, எதுலயாச்சும் ஒட்டிக்கிட்டு வழவழன்னு படலமா வாழும். அப்ப நமக்கு வேண்டியது டிரம்மோட கொள்ளளவு இல்ல, ஒட்டுறதுக்கு எடம். நல்லா ஊறுன படலம் ஒரு சதுர மீட்டர் ஒரு நாளைக்கு 0.2 கிராம் அம்மோனியா திங்கும்னு வைங்க, கொஞ்சம் கஞ்சக் கணக்கு தான், பரவாயில்ல. 5.3 கிராமுக்கு 26 சதுர மீட்டர். தீனியை 100 கிராம் ஆக்குனா 2.9 கிராம், 15 சதுர மீட்டர் போதும். உங்க 19 மீனும் ஒன்னு 200 கிராம்னு வச்சாலும் மொத்தம் நாலு கிலோ கூட இல்ல, நாளைக்கு 80 கிராம் தீனியே தாராளம். ஃபில்டரை 100க்குக் கட்டுங்க, தீனிய 80ல நிறுத்துங்க.

தென்னந்தோப்பு:
சரி ஒத்துக்குறேன். ஆனா ஜல்லி தான் பெஸ்ட், முக்கால் இஞ்ச் ஜல்லி ஒரு கன மீட்டர்ல 180 சதுர மீட்டர் கெடைக்கும், 15க்கு 85 லிட்டர் ஜல்லி ஆகும், அரை டிரம் கூட இல்ல!

மடிவலை:
புது ஜல்லிக்கு அது சரி. மூணு மாசம் கழிச்சுக் கழிவு எறங்கிச் சேறு கட்டுனா பாதி எடம் மூடிக்கும், அதனால ரெண்டு மடங்கு போடணும், 170 லிட்டர், எடை 250 கிலோ. அதைக் கழுவ எடுத்திருக்கீங்களா மாப்ள? நான் எடுத்திருக்கேன். இடுப்பு போச்சு.

கீழக்கரை காக்கா:
தம்பிமாரே, எதுக்கு ஜல்லி? கடற்கரையில ஒதுங்குற பவளக்கல்லு ஓட்டை ஓட்டையா இருக்கும், ஒட்டுறதுக்கு அதைவிட எடம் எதுல உண்டு? அந்தக் காலத்துல வீட்டுச் சுவரே அதுல தானே கட்டுனாக.

தொண்டி டீச்சர்:
காக்கா, அந்தக் காலம் போச்சு. பவளம் 2001ல இருந்து வனவிலங்குச் சட்டத்துல முதல் பட்டியல், புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடா 21 தீவும் 1986ல இருந்து தேசியப் பூங்கா வேற. செத்துக் கரை ஒதுங்குன துண்டா இருந்தாலும் வீட்ல குமிச்சு வச்சா வம்புதான். இன்னொன்னு, பவளக்கல்லு சுண்ணாம்பு, பிஎச் இறங்குற மெல்லிசுத் தண்ணிக்காரன் போடுறது. இவர் தண்ணி ஏற்கெனவே 8.4ல நிக்குது, இதுல சுண்ணாம்பு எதுக்கு?

கீழக்கரை காக்கா:
சரி சரி டீச்சர், வாபஸ் வாங்கிட்டேன் 🙏

மடிவலை:
இப்ப எம் பேருக்கு வர்றேன். பழைய வலை. நம்ம கரையில எந்த வாடியிலயும் (மீன் கொட்டகை) கிழிஞ்ச இழுவை மடி (இழுவைப் படகு வலை) மூட்டை மூட்டையாக் கெடக்கும், கேட்டா சும்மாவே தருவாக, மிஞ்சிப்போனா ஒரு டீ வாங்கிக் குடுங்க. மடி நூல் ஒன்றரை மில்லிமீட்டர் கனம்னா ஒரு கிலோவுல 2.8 சதுர மீட்டர் பரப்பு வரும். இது யாரும் சொல்லிக் கேட்டதில்ல, நூலோட விட்டத்தையும் எடையையும் வச்சு நானே போட்ட கணக்கு, சந்தேகம்னா நீங்களும் போட்டுப் பாருங்க. 15க்கு அஞ்சரை கிலோ, முடிச்சு, அழுக்கு, ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிற எடம் எல்லாத்துக்கும் சேத்து ரெண்டு மடங்கு, 11 கிலோ. 250 கிலோ ஜல்லி செய்யுற வேலையை 11 கிலோ வலை செய்யும். 

தங்கூஸ் வலை (ஒத்தை நைலான் நரம்பு) இன்னும் மெல்லிசு, 0.3 மில்லி நூல்னா ஒரு கிலோவுல 11 சதுர மீட்டருக்கு மேல போகும், ஆனா ஆசைப்பட்டு அதைப் போடாதீங்க. நனைஞ்சதும் ஒன்னோட ஒன்னு அப்பிக்கிட்டு பஞ்சு மாதிரி ஆயிரும், தண்ணி நடுவுல ஓட்டை போட்டுக்கிட்டு ஒரே வழியாப் போயிரும், சுத்தி உள்ளதெல்லாம் அழுகும். நான் மொதல்ல அதான் செஞ்சேன், தெறந்து பாத்தா அழுகுன முட்டை நாத்தம்.

தென்னந்தோப்பு:
வெயில்ல கெடந்த வலை பொடிப்பொடியா உதிருமே அண்ணே, அதை மீன் திங்காதா? ஜல்லி உதிருமா?

மடிவலை:
நல்ல கேள்வி, இதை ஒத்துக்கத்தான் வேணும். நகத்தால சொரண்டிப் பாருங்க, வெள்ளையாத் தூள் வந்தா அந்தத் துண்டை வெட்டிப் போட்டுருங்க. மடியோட கீழ்ப்பக்கம், நெழல்ல மடிச்சுக் கெடந்தது எடுங்க. அப்பறம் மடி நூல் மெதக்கும், மேல கல்லு வைக்கணும் இல்ல கட்டணும்.

வாடைக்காத்து:
கரண்ட் பத்தி யாருமே பேசலயே. எங்க தெருவுல காத்து கொஞ்சம் வேகமா அடிச்சா போதும், மூணு மணி நேரம் இருட்டு. மூடுன டிரம்ல பம்ப் நின்னா உள்ள இருக்குற பாக்டீரியா என்னாகும்?

மடிவலை:
ஆக்சிஜன் இல்லாமச் சுருண்டுரும், ரொம்ப நேரம் ஆனா செத்தும் போகும். கணக்கு சொல்றேன். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரேட் ஆக நாலரை கிராம் ஆக்சிஜன் வேணும். 2.9 கிராமுக்கு 13 கிராம், மணிக்கு அரைக் கிராமுக்கு மேல. டிரம்ல நிக்கிற 150 லிட்டர் தண்ணியில மொத்தமே முக்கால் கிராம் ஆக்சிஜன் தான் இருக்கும். அப்ப ஒன்றரை மணி நேரம் கூடத் தாங்காது. சேறு கெடந்தா அது பாதி கூட இல்ல. அதுக்கப்பறம் கரண்ட் வந்து பம்ப் ஓடுனதும் அந்தக் கெட்ட தண்ணி மொத்தமும் குளத்துக்குள்ள எறங்கும், மீனு சாகுறது அப்பத்தான். 

அதனால தான் ஊரணிக்கரைக்கு ரெண்டாவது டிரம்மே வேணாம்னு சொல்ல வர்றேன். மொத டிரம் அழுக்கு எறங்குறதுக்கு மட்டும், உள்ள ஒன்னும் போடாம. பம்ப் தண்ணி டிரம் சுவரை ஒட்டிப் பக்கவாட்டுல எறங்கணும், சுத்திச் சுத்தி அழுக்கு நடு அடியில ஒதுங்கும், அடியில ஒன்றரை இஞ்ச் வால்வ். மேல இருந்து ரெண்டு இஞ்ச் பைப்ல வழிஞ்சு வெளிய வரும். அங்கிட்டு மீன் கொண்டு போற பிளாஸ்டிக் பெட்டி மூணை ஒன்னு மேல ஒன்னு குளத்து ஓரத்துல அடுக்கி, வலையைப் போட்டு நெரப்பி, தண்ணியை மேல இருந்து சொட்ட விடுங்க. கரண்ட் போனாலும் வலை ஈரமாவே இருக்கும், காத்துல வேண்டிய அளவு ஆக்சிஜன். ஒரு சாக்கு மேல போட்டா மூணு மணி நேரம் என்ன, பொழுது சாயுற வரைக்கும் தாங்கும். குளத்துக்கு வேற ஆக்சிஜன் எறங்குது, விடியக்காலைப் பிரச்சினையும் கொறையும்.

தொண்டி டீச்சர்:
யோசனை நல்லா இருக்கு, ஆனா ஒன்னு விட்டுட்டீங்க. கச்சான் (மேக்குக் காத்து) அடிக்கிற மாசத்துல சொட்டுத் தண்ணி கூடுதலா ஆவியாப் போகும், மணலும் வந்து விழும். சும்மாவே கோடையில நாளுக்கு 7 மில்லிமீட்டர் இறங்குனா இவர் தொட்டியில 40 லிட்டர் போகுது, மாசம் 1200. அதை 2500 டிடிஎஸ் கெணத்துத் தண்ணியாலயே நெரப்புனா தண்ணி போகும், உப்பு தங்கிரும், ஒரு மாசத்துல 700 ஏறும். நாலு மாசத்துல 5000க்கு மேல. அல்லி எல்லாம் கருகிரும். ஊத்துறது மட்டும் இல்லாம வாரம் ஒருக்கா கொஞ்சம் வெளியேத்துங்க, டிரம் அடி வால்வைத் தெறந்தாலே அது நடக்கும், தென்னைக்கு விடலாம், வாழைக்கு வேணாம். பெட்டிக்கு மேற்கால ஒரு ஓலைத் தட்டி.

ஒரு ஆறுதல் என்னன்னா உப்புத் தண்ணியில நைட்ரைட் மீனை அவ்வளவா கொல்லாது, குளோரைடு செவுள்ல அதை உள்ள விடாது. நல்ல தண்ணிக்காரங்க உப்பு வாங்கிப் போடுவாங்க, நமக்கு ஃப்ரீ.

ஊரணிக்கரை:
எல்லாரும் சொன்னதைச் சேத்து வச்சு வேலையை ஆரம்பிச்சுட்டேன். 12 கிலோ மடி கெடைச்சது, தெரிஞ்சவர் காசு வாங்கல. ரெண்டு நாள் ஊறப்போட்டு மிதிச்சுக் கழுவுனேன், பூரா மீன் செதிலும் நண்டுக் காலும். ஒரு டவுட், பம்ப் 3000 போட்டிருக்கு, ஆனா மேல வர்றது ரொம்பக் கம்மியா தெரியுதே?

வாடைக்காத்து:
பெட்டியில போட்டிருக்கிறது தண்ணியை மேலயே தூக்காம விட்டா வர்ற அளவு தம்பி. 20 லிட்டர் பக்கெட்டைப் பைப் வாயில புடிச்சு எத்தனை செகண்ட்ல நெறையுதுன்னு பாருங்க. 72,000 ஐ அந்த செகண்டால வகுத்தா மணிக்கு எத்தனை லிட்டர்னு வந்துரும்.

ஊரணிக்கரை:
48 செகண்ட். 1500 லிட்டர். பாதி போச்சு! பெரிய பம்ப் வாங்கணுமா?

மடிவலை:
வேணாம். மூணு மணி நேரத்துக்குள்ள ஒருக்கா குளம் பூரா சுத்தி வந்துருது, 19 மீனுக்குப் போதும். டிரம்மை வச்சிருக்குற மேடையை அரை அடி கொறைக்க முடிஞ்சா கொறைங்க, பைப்ல முழங்கை வளைவு எத்தனை இருக்குன்னு பாருங்க. 40 வாட்னா ரெண்டு மாசத்துக்கு 58 யூனிட், 100 யூனிட் இலவசத்துல பாதிக்கு மேல அதுவே தின்னுரும், பெரிய பம்ப் போட்டா அம்மா தீனியைத் தராசுல நிறுத்துட்டு உங்களையும் நிறுத்துரும்.

தொண்டி டீச்சர்:
ஓட விட்டதும் மறுநாளே அம்மோனியா எறங்கும்னு பாக்காதீங்க. நம்ம சூட்டுக்கு நாலு வாரம், அஞ்சு வாரம். மொதல்ல அம்மோனியா எறங்கும், அப்ப நைட்ரைட் ஏறும், பொறவு அதுவும் எறங்கும். ஏற்கெனவே நல்லா ஓடுற தொட்டிக்காரங்க யாராச்சும் இருந்தா அவங்க ஃபில்டர்ல இருந்து ஒரு கைப்பிடி வலையோ கல்லோ ஈரம் காயாம வாங்கிட்டு வந்து உங்க மேல் பெட்டியில போடுங்க, பாட்டில்ல விக்கிற பாக்டீரியாவைவிட நான் அதைத்தான் நம்புவேன்.

மடிவலை:
எங்கிட்ட இருந்து எடுத்துக்கங்க தம்பி. தேவிபட்டினம் பக்கம் வந்தா சொல்லுங்க.

ஊரணிக்கரை:
அப்டேட் போடச் சொன்னாங்க, ஆறு வாரம் ஆச்சு. மடிவலை அண்ணன் வீட்டுக்குப் போய் ரெண்டு கிலோ வலை ஈரச் சாக்குல சுத்தி எடுத்துட்டு வந்தேன், போனதுக்கு நண்டுக் குழம்பு வேற. மூணாவது வாரத்துலயே அம்மோனியா 2ல இருந்து கால் ஆச்சு. ஓலைத் தட்டி போட்டதுல பச்சையும் கொறைஞ்சு இப்ப அடித்தரை தெரியுது. தீனி 80 கிராம், அம்மாவே காலைல நிறுத்து ஒரு டப்பாவுல போட்டு வச்சிருது, யாரும் தொட முடியாது. செலவு பைப்பு, வால்வு, மீன் பெட்டி மூணு எல்லாம் சேத்து 2300.

ஆனா நாலாவது வாரம் ஒரு கூத்து நடந்துச்சு. நான் ஊர்ல இல்ல, மச்சான் வந்திருக்காரு, பெட்டியில இருக்குற வலை பூரா பழுப்பா வழவழன்னு இருக்கேன்னு மூணு பெட்டியையும் எறக்கி, அன்னைக்குன்னு பாத்து குடிதண்ணி பைப்ல தண்ணி வர, ஓஸ் போட்டு வெள்ளை வெளேர்னு கழுவி வச்சுட்டாரு. அந்தத் தண்ணியில குளோரின் இருக்கும்ல. வந்து பாக்குறேன், புது வலை மாதிரி மின்னுது. ரெண்டாம் நாளே அம்மோனியா 1 காட்டிருச்சு. நாலு நாள் தீனியை நிறுத்தி, தினமும் கால்வாசித் தண்ணி மாத்தி, மீன் ஒன்னும் சாகல. மச்சான்கிட்ட ஒன்னும் சொல்ல முடியல, உதவின்னு நெனச்சுத்தான செஞ்சாரு.

மடிவலை:
😂😂 அந்தப் பழுப்பு தான் தம்பி ஃபில்டரே, வலை சும்மா எடம் குடுக்குது. கழுவுறதா இருந்தா ஒரு தடவைக்கு ஒரு பெட்டி, அதுவும் குளத்துத் தண்ணியைப் பக்கெட்ல மோந்து அதுல ரெண்டு முக்கு முக்கி எடுத்தாப் போதும். இன்னொரு பெட்டி ஒரு மாசம் கழிச்சு.

தென்னந்தோப்பு:
ஜல்லியா இருந்தா மச்சான் தூக்கிருக்கவே மாட்டாரு. சும்மா சொன்னேன்.

ஊரணிக்கரை:
ஹாஹா பாயிண்ட் தான். கடைசியா ஒரு கேள்வி, ஐப்பசி மழை வந்தா தொட்டி நெரம்பி வழியுமே, மழைத் தண்ணி மொத்தமா விழுந்து பாக்டீரியா கெட்டுருமா?

தொண்டி டீச்சர்:
ஒரே நாள்ல 10 சென்டிமீட்டர் பேஞ்சாலும் உங்க தொட்டிக்குள்ள விழுறது 550 லிட்டர் தான், எட்டுல ஒரு பங்கு. கெடாது, உப்பு கொறையுறதுக்கு நல்லது. மாடித் தண்ணி பைப்பை மட்டும் தொட்டிக்குத் திருப்பி விட்டுறாதீங்க, அது மொத்தமா வந்து விழும். ஓரத்துல ஒரு வழியல் பைப் வச்சு அது வாயில ஒரு துண்டு வலை கட்டிருங்க, இல்லைன்னா மழை நாள்ல கோயெல்லாம் தெருவுல நீந்தும், கொக்குக்கு விருந்து.

ஊரணிக்கரை:
வலை தானக்கா, ஒரு மூட்டை மிச்சம் கெடக்கு.